சட்டென்று கைவிட்டுவிடுகிறவர்களுக்கு நம் ஊரில் என்னென்ன பெயர்?

தக்கலை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். தக்கலையில் மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்கு எடுக்கிறேன். ஒரு காரியத்தில் இறங்கி, கொஞ்சம் முட்டியதும் விட்டுவிடுகிறவர்களுக்கு நம் குமரி மாவட்டத்தில் புழங்கும் பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கணக்கை விட்டுவிடுவது எனக்குப் பழகிப்போன விஷயம். விட்ட பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்பதுதான் உறுத்துகிறது. அதிகம் காதில் விழுவது ‘தோத்தாங்கோளி’. ஒரு பையனுக்கு முக்கோணவியல் என்றாலே கை நின்றுவிடும். இடது பக்கத்தை விரித்து ஒரு வரி எழுதுவான். அடுத்த வரியில் எதைப் பொதுவாக வெளியே எடுப்பது என்று யோசிக்க வேண்டிய இடம் வந்ததும் பேனாவுக்கு மூடியைப் போட்டுவிடுவான். அந்த ‘டக்’ சத்தத்துக்கே பின் பெஞ்சிலிருந்து ‘தோத்தாங்கோளி’ வரும். அவன் எங்கே தோற்றான்? தோற்பதென்றால் கணக்கை முடித்து, விடை தப்பாக வந்திருக்க வேண்டும். அதுவரை போகவே இல்லையே.

இதுவரை கிடைத்தவை: ஆரம்பசூரன், தொடைநடுங்கி, தொட்டாவாடி, மடியன், அரைகுறை, விட்டேத்தி. ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்பவையும் உண்டு: கை கழுவிட்டான், முழுக்குப் போட்டுட்டான், மூட்டையைக் கட்டிட்டான், அம்போன்னு விட்டுட்டான். அப்புறம் நம் ஊர்ப் பொதுச்சொத்தான ‘சவம் போட்டும், விடு மக்கா’. இவை எல்லாம் ஒரே ஆளைச் சொல்கிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை. எதை எப்போது சொல்கிறீர்கள்?

குலசேகரம் பால்வெட்டு

டீச்சர், மடியனை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. எங்கள் பக்கம் ‘எனக்கு மடியா இருக்கு’ என்றால் தொடங்கவே மனம் இல்லை என்று பொருள். மடியன் வேலையில் இறங்குகிறதே இல்லை. நீங்கள் கேட்பது இறங்கிவிட்டு ஏறி ஓடுகிறவனை.

ஆரம்பசூரன் அதற்குச் சரியான பெயர். ரப்பர் தோட்டத்துக்குப் புதிதாக வருகிற பையன்களில் நிறையப் பார்க்கலாம். விடியும் முன்பே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையைக் காகிதக் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. புதுப் பையன் முதல் வாரம் புலி மாதிரி வெட்டுவான். அப்புறம் மழை, அட்டை, கொசு. ஒருநாள் கத்தியை ஷெட்டில் வைத்துவிட்டுப் போனால் அதோடு சரி. ‘ஆரம்பசூரன்லே அவன்’ என்போம். அதில் கேலி உண்டு, ஆனால் வெறுப்பு கிடையாது. அடுத்த சீசனில் அவனே திரும்பி வந்தாலும் கத்தியைக் கொடுப்போம்.

பனைவிளை

செயலைச் சொல்லும் சொற்களில் ஒன்றைச் சேர்க்கிறேன்: ‘இறங்கிட்டான்’. எங்கள் குடும்பம் அப்பா காலம் வரை பனையேற்றுத் தொழில். ‘அவன் பனையை விட்டு இறங்கிட்டான்’ என்றால் அன்றைய வேலை முடிந்தது என்றும் பொருள், தொழிலையே விட்டான் என்றும் பொருள். சொல்கிற குரலை வைத்துத்தான் எது என்று தெரியும்.

அக்கானி (பதநீர்) வடிக்கிற வேலையில் நடுவில் விடுவது என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, சேர்த்துக் கட்டி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தால் பாளையின் நுனி காய்ந்து ஓட்டம் நின்றுபோகும். அதுவரை செய்த பாடெல்லாம் வீண். அதனால்தான் காய்ச்சலோடும் ஏறினார்கள். உயரமான மரத்தில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு.

இப்போது கேட்கிறேன். பிள்ளைகள் படிக்கட்டும் என்று நினைத்து அந்தத் தலைமுறை பனையை விட்டு இறங்கியதே, அதற்கு உங்கள் பட்டியலில் எந்தச் சொல்? ஆரம்பசூரன் என்பீர்களா? முழுக்குப் போட்டுட்டான் என்பீர்களா? எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

குளச்சல் கரைக்காரன்

பனைவிளை அண்ணன் சொன்னது கடலுக்கும் பொருந்தும். கரையில் இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: வள்ளம் பாதியில் திரும்பி வந்தால் ‘பயந்துட்டியாலே’ என்று கேட்பது. கடலுக்குப் போகிறவன் அப்படிக் கேட்க மாட்டான்.

ஆனி, ஆடியில் மேற்குக் கரையில் கடலடி (அலைச் சீற்றம்) எப்படி இருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அலையின் வரிசை பார்த்து, இடைவெளி வரும்போது வள்ளத்தைத் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு, நீவாடு (கடல் நீரோட்டம்) மாறியிருப்பது தெரிந்தால் திருப்ப வேண்டும். ‘இவ்வளவு டீசல் செலவு பண்ணி வந்தாச்சு, வெறுங்கையோடு எப்படிப் போறது’ என்று நினைக்கிறவன்தான் எங்களுக்குப் பயம் தருகிறவன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த வாய்ப்பு கிடைத்து அதைப் பயன்படுத்துகிறவனைத் தொடைநடுங்கி என்று சொன்னால் எங்கள் தெருவில் அடி விழும்.

அதனால் டீச்சர், திரும்பியவனையும் விட்டவனையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

மணக்குடி மைனி

தொடைநடுங்கி பரவாயில்லை. ‘பொம்பளை மாதிரி’ என்பதை யாரும் இன்னும் எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் நம் ஊரில் ஒருவன் பின்வாங்கினால் முதலில் வாயில் வருவது அதுதான். ‘பேடி’ என்பார்கள், ‘சேலை கட்டிக்கோ’ என்பார்கள்.

எங்கள் கரையில் மீன் விற்கிற பெண்கள் அதிகாலையில் ஏலத்தில் நின்று மீன் எடுத்து, ஐஸ் போட்டு, சந்தைக்கு வண்டி பிடித்து, விற்காத மீனை வெயிலில் தெருத்தெருவாகத் தலையில் சுமந்து விற்றுவிட்டு வருவார்கள். விலை படியவில்லை என்று பாதித் தெருவில் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவளை நான் பார்த்ததில்லை. மீன் நாறும், வீட்டில் அடுப்பு எரியாது, கந்துக்காரன் மறுநாள் காலையில் வாசலில் நிற்பான். விட முடியாது. விடுவதற்கு வசதி வேண்டும். அந்த வசதி இல்லாதவர்களின் பெயரை எடுத்து, விடுகிறவனுக்கு வசவாக வைத்திருக்கிறோம். டீச்சர், உங்கள் வகுப்பில் எதைத் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் இதைத் தடுங்கள்.

தக்கலை டீச்சர்

மைனி, அதை நேற்றே தடுத்தாகிவிட்டது. பெண் பிள்ளைகள் பாதிப்பேர் இருக்கிற வகுப்பில் அது வரவே கூடாது. நீங்கள் எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாமா?

மணக்குடி மைனி

தாராளமாக.

தோவாளைத் தமிழாசிரியர்

நல்ல இழை. பழைய சொற்கள் சிலவற்றைத் தருகிறேன்.

திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்று 60 முதல் 63 வரை நான்கு அதிகாரங்கள் தொடர்ந்து இதைப் பற்றியே பேசுகின்றன. குலசேகரத்து நண்பர் பிரித்துக் காட்டிய வேறுபாட்டை வள்ளுவர் அதிகாரம் பிரித்தே வைத்திருக்கிறார். மடி என்பது தொடங்காமை. அதற்குத் தனி அதிகாரம். தொடங்கியபின் தளர்வது வேறு. அதை ‘அசாவுதல்’ என்கிறார். ‘அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்’ என்பது 611. கடினம் என்று மனம் தளரக் கூடாது என்பது பொருள். துன்பம் வந்தபோது செயலற்றுப் போவது ‘கையாறு’. இடி விழுந்த வீட்டில் கை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அது. இந்த இரண்டையும் வள்ளுவர் ஆளின் பெயராக ஆக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘அசாவுகிறவன்’ என்று யாரையும் அவர் கூப்பிடவில்லை.

ஆளைச் சொல்லும் இடமும் உண்டு, 612:

வினைக்கண் வினைகெடல் ஓம்பல் வினைக்குறை
தீர்ந்தாரின் தீர்ந்தன்று உலகு.

‘வினைக்குறை தீர்ந்தார்’ என்றால் வேலையைக் குறையாக விட்டு விலகியவர். அவரை உலகம் விட்டுவிடும். கடுமையான வாக்கு. ஆனால் வசவு இல்லை, விளைவைச் சொல்கிறார். டீச்சர் தேடும் சொல் இதுவாக இருக்கலாம்.

குளச்சல் கரைக்காரன்

சார், பணிவோடு ஒரு கேள்வி. 612-இன்படி நாங்கள் கடலில் பாதி வேலையோடு திரும்பினால் உலகம் எங்களை விட்டுவிடுமா?

தோவாளைத் தமிழாசிரியர்

நல்ல கேள்வி தம்பி. அதற்கும் அவரே 486-இல் பதில் வைத்திருக்கிறார், காலமறிதல் அதிகாரத்தில்:

ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து.

சண்டைக்கிடா முட்டுவதற்கு முன்னால் பின்னுக்கு வருமே, ஊக்கமுள்ளவன் ஒடுங்கி இருப்பது அப்படி என்கிறார். பின்னால் வருகிற கால் ஒன்றுதான். எதற்காக வருகிறது என்பதில்தான் வேறுபாடு. நீவாடு பார்த்துத் திரும்பியவன் மறுநாள் கடலுக்குப் போகிறான் அல்லவா? அவன் வினைக்குறை தீர்ந்தவன் ஆக மாட்டான்.

புலியூர்க்குறிச்சி

எங்கள் ஊர் உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. டி லனாய். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களுக்காகப் போரிட வந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் சரணடைந்தவர். சரணடைந்தவரை இந்த இழையில் எந்தப் பெயரில் கூப்பிடுவீர்கள்? அவர் அதற்குப் பிறகு திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்து, வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) ஆகி, 1777-இல் இங்கேயே இறந்தார். ஒரு தோல்விக்குப் பின் முப்பத்தாறு ஆண்டு வேலை. தக்கலையிலிருந்து பக்கம்தான். பிள்ளைகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் டீச்சர்.

நேர்மாறான உதாரணமும் நம் மண்ணிலேயே இருக்கிறது, மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம். 1822-இல் தொடங்கியது. 1829-இல் வந்த அரச ஆணை அந்தப் பெண்களுக்கு எதிராகவே இருந்தது. சட்டமே எதிராக வந்தபின் ‘சவம் போட்டும்’ என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. விடவில்லை. 1859-இல் மேலாடை அணியலாம் என்ற அறிவிப்பு வரும்வரை முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. 1822-இல் அடி வாங்கியவர்களின் பேத்திகள் 1859-இல் அதை அணிந்திருப்பார்கள். சந்தையில் துணி கிழிக்கப்பட்டு வீடு திரும்பி, அடுத்த சந்தை நாளில் மறுபடியும் அணிந்து போன பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம்.

மணக்குடி மைனி

‘பொம்பளை மாதிரி’ என்கிறவர்களுக்கு இந்தப் பதிவையே காட்டலாம். நன்றி அண்ணாச்சி.

பனைவிளை

1956-ஐயும் பேசுவோம். நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைவதற்கு முன்னால் 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணி கேட்டது இன்னும் பெரிய நிலப்பரப்பு. கிடைத்தவை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும். தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. ‘அதை விட்டுக்கொடுத்துட்டாங்க’ என்று இன்றும் டீக்கடையில் சூடாகப் பேசுகிறார்கள். ‘விட்டுக்கொடுத்தல்’ என்ற சொல்லும் பட்டியலில் வர வேண்டும். விடுவதும் இருக்கிறது, கொடுப்பதும் இருக்கிறது. அது ஒப்பந்தமா தோல்வியா என்று சொல்கிறவரைப் பொறுத்து மாறும்.

இழைப் பொறுப்பாளர்

எல்லை விவகாரத்தைத் தனி இழையில் தொடருங்கள். சாதிப் பெயரை வசவாகச் சேர்த்து எழுதப்பட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சொற்களைச் சேகரிக்கிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் இங்கே எழுத அனுமதி இல்லை.

கருங்கல் தம்பி

சீட்டாட்டத்திலிருந்து ஒன்று: ‘ஸ்கூட்’. ரம்மியில் கையில் வந்த பதின்மூன்று சீட்டும் உருப்படாது என்று தெரிந்தால் முதல் சீட்டை எடுக்கும் முன்பே கவிழ்த்து வைத்துவிடலாம். எங்கள் செட்டில் அதற்கு 20 புள்ளி. ஆடிப் பார்த்துவிட்டு நடுவில் வைத்தால் 40. கடைசி வரை இருந்து மாட்டினால் 80 வரை போகும். ‘ஸ்கூட் அடிச்சிட்டான்’ என்பதை எங்கள் செட்டில் படிப்புக்கும் வேலைக்கும் காதலுக்கும் சொல்வோம்.

சீட்டில் முதலிலேயே ஸ்கூட் விடத் தெரிந்தவன்தான் நல்ல ஆட்டக்காரன். ரோஷத்துக்கு உட்கார்ந்திருக்கிறவன்தான் கடைசியில் எழுந்து போவான். டீச்சர் கோபப்படக் கூடாது. சில பிள்ளைகளுக்குக் கணக்கே வேண்டாமாக இருக்கலாம். சீக்கிரம் விட்டு வேறு பாடத்துக்குப் போவது அவர்களுக்கு லாபம்தானே?

தக்கலை டீச்சர்

கோபம் இல்லை தம்பி. ஆனால் சீட்டில் பதின்மூன்றும் உங்கள் கண் முன்னால் விரிந்திருக்கின்றன. கணக்கில் என் பையன் இரண்டாவது வரியில் நிற்கும்போது அவன் கையில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. எந்தச் சூத்திரம் சரிப்படும் என்று எழுதிப் பார்க்கும் முன்பே மூடுகிறான். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு வேண்டாம் என்று யோசித்து வேறு பிரிவு எடுக்கிற பிள்ளையை நான் தடுத்ததில்லை. அது ஸ்கூட்தான், 20 புள்ளியோடு போகட்டும். இது வேறு.

வடசேரி வாசகன்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதத்தான் வேண்டும் போலிருக்கிறது.

நான் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவன். நூலகத்தில் எங்கள் மேசையில் ஐந்தாறு பேர் இருப்போம். குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். ஒன்றிரண்டு கேள்வியில் ரேங்க் எங்கேயோ போய்விடும். முடிவு வர மாதக்கணக்காகும். அதற்குள் அடுத்த அறிவிப்பு எப்போது என்று தெரியாது. மேசையில் ஒருவர் சென்ற வருடம் படிப்பை நிறுத்திவிட்டு அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனார். தங்கையின் கல்யாணக் கடன். அவர் போன மறுநாளே ஊரில் ‘அவன் மூட்டையைக் கட்டிட்டான், எனக்கு அப்பவே தெரியும்’ என்றார்கள். ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று சொல்கிற ஒருவர்கூட அவர் என்னென்ன பாடம் படித்தார் என்று சொல்ல முடியாது.

என் வீட்டில் கேட்ட சொல் ‘அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு’. இதை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. இதில் கைவிட்டவன் நான் அல்ல, அவர்கள். என் மேல் உள்ள நம்பிக்கையை அவர்கள் விட்டார்கள். ஆனால் பெயர் எனக்கு வந்தது. டீச்சர், அந்தப் பையனுக்கு யாராவது ஏற்கெனவே தண்ணி தெளித்துவிட்டார்களா என்று பாருங்கள். அதற்கு அப்புறம்தான் பேனா மூடி.

தக்கலை டீச்சர்

தம்பி, இதை இரண்டு முறை வாசித்தேன். அவனுக்கு மேலே ஒரு அண்ணன் உண்டு, நன்றாகப் படித்தவன். வீட்டில் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள் என்பது தெரியும். ‘உனக்கு இது வராதுலே’ என்று ஒருநாள் அவன் அப்பா என் முன்னாலேயே சொன்னார். அன்பாகத்தான் சொன்னார், பிள்ளையைத் தேற்றுவதாக நினைத்து. அந்த வாக்கியத்தை இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன்.

நீங்கள் படிப்பை விட வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. விட்டாலும் விடாவிட்டாலும் இந்த இழைக்கு வந்து சொல்லுங்கள்.

குலசேகரம் பால்வெட்டு

வாசகன் தம்பிக்கு ஒரு செய்தி. ரப்பர் விலை 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே வந்தது. அந்த நேரத்தில் மரத்தை வெட்டி விற்றுவிட்டு வாழையும் அன்னாசியும் வைத்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். கத்தி படாமல் தோட்டத்தைச் சும்மா போட்டவர்களும் இருந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் ஊர் ஒன்றாகத்தான் பேசியது. எனக்கு வேறுபாடு தெரிந்தது. ரப்பர் நட்டால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். அந்த ஏழு வருடத்தைக் கொடுத்து வளர்த்த மரத்தை ஒருவன் கணக்குப் போட்டு, கடனைப் பார்த்து வெட்டுகிறான் என்றால் அவன் மனசு என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். சும்மா போட்டவனைத்தான் ‘விட்டேத்தி’ என்பேன். அவனுக்குப் பாலும் இல்லை, முடிவும் இல்லை. அந்தச் சொல்லை அவனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தொட்டாவாடி. அது ரப்பர் தோட்டத்துத் தரை முழுக்கக் கிடக்கிற செடி. உங்கள் ஊரில் தொட்டாற்சிணுங்கி என்பீர்கள். சட்டென்று வாடிப்போகிற பிள்ளையை அந்தப் பெயரில் கூப்பிடுகிறோம். கூப்பிடுகிறவர்கள் அந்தச் செடியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் சரி. சில நிமிடத்தில் இலை தானாக விரியும். கெடுதல் செய்யாமல் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தால் சுருங்குவதும் குறையும். இதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

தோவாளைத் தமிழாசிரியர்

அருமை. அப்படியென்றால் தொட்டாவாடியை டீச்சர் தடை செய்ய வேண்டாம்.

தக்கலை டீச்சர்

தடை செய்யவில்லை சார். வகுப்பில் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பெயராக ஒட்டுகிற சொற்களான தோத்தாங்கோளி, தொடைநடுங்கி, அரைகுறை ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லக் கூடாது. வினையாக வருகிற சொற்களைச் சொல்லலாம். ‘இந்தக் கணக்குல தளர்ந்துட்டேன்’, ‘இந்த வரியில விட்டுட்டேன்’ என்று தன்னைப் பற்றிச் சொல்லலாம், அதுவும் எந்த வரி என்று சேர்த்து. எந்த வரி என்று சொன்னால்தான் என்னால் அந்த வரியில் போய் உட்கார முடியும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்றால் நான் எங்கே போய் உட்காருவது?

கருங்கல் தம்பி

டீச்சர், வசவே இல்லாமல் வளர்ந்தவன் உருப்படுவானா? எங்கள் அடிமுறை (நம் ஊர்த் தற்காப்புக் கலை) ஆசான் சுவடு பழக்கும்போது திட்டாத திட்டு இல்லை. எதிராளியே இல்லாமல் வெறும் கால் வைப்பையே மாதக்கணக்காகப் பழக வேண்டும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஓடிப்போவார்கள். ரோஷம் வந்துதான் நான் நின்றேன்.

மணக்குடி மைனி

நின்ற நீ இங்கே வந்து எழுதுகிறாய் தம்பி. ஓடிப்போன முக்கால்வாசிப் பேரிடம் யார் கேட்டார்கள்?

கருங்கல் தம்பி

மைனி, அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆசான் திட்டுவது காலைத்தான். ‘வலது கால் எங்கலே போகுது’ என்பார். ஆளைப் பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை. டீச்சர் சொல்வது அதுதான் என்றால் எனக்கும் சம்மதம்.

குளச்சல் கரைக்காரன்

கடைசியாக எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சொல். ‘விட்டுப்பிடி’. எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் தூண்டில் தொழிலில் அது செய்முறை. தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள். பெரிய மீன் கொத்தியதும் இழுத்தால் கயிறு அறும், அல்லது கை அறும். மீன் ஓடும்போது கயிற்றை விட வேண்டும். அது களைக்கும்போது கொஞ்சம் பிடிக்க வேண்டும். மறுபடி ஓடும், மறுபடி விட வேண்டும். புதிதாக வருகிறவன் விடுகிற நேரத்தில் கையை முழுக்க எடுத்துவிடுவான். பக்கத்தில் நிற்கிற மூத்தவர் ‘விடு’ என்று சொல்லிக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், விரல் கயிற்றை விட்டுப் போகாதபடி.

வடசேரி வாசகன்

அண்ணன், கையுறை போடுவார்களா?

குளச்சல் கரைக்காரன்

இப்போது போடுகிறார்கள். பழைய ஆட்கள் சைக்கிள் ட்யூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்வார்கள். என் சித்தப்பா கையில் கயிறு ஓடிய தடம் இன்னும் இருக்கிறது. குளச்சல் வந்தால் சொல்லு தம்பி, அவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். நிறையப் பேசுவார்.

வடசேரி வாசகன்

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு லீவு போடுகிறேன். வருகிறேன் அண்ணன்.